சோளக்குருவிகள் இறங்கிய வயல்

ஐப்பசி பிறந்து ஒரு வாரம் இருக்கும். காலை ஆறரை மணிக்கு ஜானகி வரப்பில் நின்று பைனாகுலரைக் கண்ணில் வைத்தபோது கங்கம்மாவின் வயல் முழுக்கப் பறவைகளாக இருந்தன. உண்ணிக்கொக்குகள் மட்டும் இருநூறுக்கு மேல். மைனாக்கள், கரிச்சான்கள், அவற்றுக்கு நடுவே கூட்டமாக எழுந்து கூட்டமாக விழும் சோளக்குருவிகள். கறுப்புத் தலையும் ரோஜா நிற முதுகுமாக எங்கோ வடக்கேயிருந்து வந்து சேரும் அந்தக் குருவிகளை அவள் இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததே இல்லை. நோட்டில் எண்ணிக்கையை எழுதும்போது சந்தோஷத்தில் எழுத்து கோணிக்கொண்டு போயிற்று.

அது 1975. ஜானகிக்கு முப்பத்து நாலு வயது. ஒரு பெண்கள் கல்லூரியில் விலங்கியல் டெமான்ஸ்ட்ரேட்டர். மயிலாப்பூரில் அண்ணா வீட்டில் இருந்தாள். மேல்பட்டத்துக்காக அவள் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சி, நெல் வயலுக்கு எந்த வாரம் எந்த அந்துப்பூச்சி வருகிறது என்பது. அசோக் நகரில் வீடுகள் முடிந்து, ஆற்றை ஒட்டி இன்னும் கொஞ்சம் வயல் மிச்சமிருந்தது. அங்கே ஒன்றரை ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்துவந்தவள் கங்கம்மா. கேட்டதும் இடம் கொடுத்தாள். மூன்று மூங்கில் கழிகளைக் கூட்டிக் கட்டி, நடுவில் ஓர் அரிக்கேன் விளக்கு, அதன் கீழே மண்ணெண்ணெய் கலந்த தண்ணீரோடு ஓர் அலுமினியப் பேசின். பொழுது சாய்ந்ததும் கங்கம்மாவின் புருஷன் குப்பன் விளக்கை ஏற்றுவார். வெளிச்சத்துக்கு வந்த பூச்சிகள் விடியும்போது பேசினில் மிதக்கும். ஜானகி முதல் பஸ்ஸில் வந்து அவற்றை வடிகட்டி, வகை பிரித்து, எண்ணி எழுதிக்கொண்டு கல்லூரிக்குப் போவாள். ஆவணியிலிருந்து ஒரு நாள் தவறாமல் இது நடந்தது.

இப்போது, பறவைகளை எழுதி முடித்த பிறகுதான் அவளுக்கு அந்தக் கேள்வி வந்தது. இத்தனை பறவைகள் இந்த வயலுக்கு ஏன் வந்தன?

செருப்பைக் கழற்றிவிட்டு வயலில் இறங்கினாள். கொக்குகள் நாலடி தள்ளி நின்றுகொண்டன. நேற்றுவரை பச்சென்று நின்ற பயிரில் அங்கங்கே வட்ட வட்டமாக மாடு மேய்ந்தது போல் மொட்டைத் தாள்கள் நின்றன. ஒரு தூரைப் பிடித்து விலக்கினாள். அடியில், ஈர மண்ணோடு ஒட்டிக்கொண்டு, பச்சையும் கறுப்புமாகக் கோடு போட்ட புழுக்கள். ஒரு தூரில் இருபதுக்குக் குறையாது. அடுத்த தூரிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும்.

படைப்புழு.

பதினெட்டு நாளைக்கு முன்னால் ஒரு காலையில் பேசினில் ஒரே வகைப் பூச்சி நூற்றறுபத்து மூன்று விழுந்திருந்தது. சாம்பலும் பழுப்பும் கலந்த பூச்சி. அன்றைக்குக் கங்கம்மா டீ டம்ளரோடு பக்கத்தில் வந்து குந்தினாள்.

"இன்னா டீச்சரம்மா, எல்லாம் ஒரே ஜாதியா கீது? பயிர எதுனா பண்ணுமா? மருந்து அடிக்கணும்னா இப்பவே சொல்லிடு. மிஷின் வாடகைக்கு உடுற பாயாண்ட சொல்லி வெச்சாத்தான் கெடைக்கும்."

ஜானகி லென்ஸை வைத்துப் பார்த்தாள். "இது ஆமணக்குல, கீரையில வர்ற வகை கங்கம்மா. நெல்லுக்கு வராது. பயப்படாதீங்கோ."

ஆமணக்குக்கு வருவதும் நெல்லுக்கு வருவதும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். வயிற்றைப் பிரித்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் நிச்சயமாகச் சொல்லமுடியும். பார்க்கலாம் என்றுதான் நாலு பூச்சிகளைப் புட்டியில் போட்டு எடுத்துப்போனாள். கல்லூரியில் பரீட்சைத் தாள்கள் வந்து சேர்ந்தன. புட்டி அலமாரியிலேயே இருந்துவிட்டது. இன்னொரு காரணமும் இருந்தது. அதை அவள் தனக்குள்கூட முழுசாகச் சொல்லிக்கொண்டதில்லை. மருந்து அடித்துவிட்டால் பேசின் காலியாகிவிடும். ஒன்றரை மாத உழைப்பு நடுவில் அறுந்துபோகும். மருந்து வேண்டாம் என்று சொல்வதற்கு அவளுக்கு ஆசையாக இருந்தது.

கங்கம்மா வரப்பு மேலே சோற்றுத் தூக்கோடு வந்துகொண்டிருந்தாள். பறவைகளைப் பார்த்துச் சிரித்தாள். "இன்னிக்கு உனுக்கு வேட்டைதான்! நோட்டு பத்துமா?"

"கங்கம்மா," என்றாள் ஜானகி. "புழு விழுந்திருக்கு. நான் சொன்னது தப்பு. அது நெல்லுக்கு வர்ற பூச்சிதான்."

கங்கம்மா தூக்கை வரப்பில் வைத்துவிட்டு இறங்கினாள். ஒரு தூரைப் பிடுங்கி உள்ளங்கையில் உதறினாள். புழுக்கள் விழுந்து சுருண்டன. பத்தடி நடந்து இன்னொரு தூரைப் பிடுங்கினாள். பிறகு திரும்பி வந்தாள்.

"நான் உன்னாண்ட கேட்டேன்."

"கேட்டீங்க."

"இந்தக் கையால டீய குட்த்துட்டு கேட்டேன். நீ கண்ணாடி வெச்சிப் பாத்து வேணாம்னே. போன வருசம் மய இல்லாம பூமி வெடிச்சிப் போய், ஒரு பிடி நெல்லு எடுக்கல. இந்த வருசம் இத்த நம்பிக்கினு கீறோம். படிச்சவ சொல்றான்னு நம்புனேன் பாரு!"

கையிலிருந்த புழுக்களை ஜானகியின் திறந்த நோட்டின் மேல் கொட்டினாள். ஜானகி நோட்டை உதறவில்லை. புழுக்கள் எழுத்தின் மேல் ஊர்ந்தன.

எட்டு மணிக்கு மெஹபூப் அலி சைக்கிளில் வந்தார். மருந்து தெளிக்கும் மிஷினை வாடகைக்கு விடுகிறவர் அவர். குப்பனே போய் அழைத்து வந்திருந்தார். கேரியரில் மிஷினும், ஹேண்டில்பாரில் தொங்கும் பையில் எண்ட்ரின் பூச்சிமருந்து டப்பாவும் இருந்தன. குப்பன் வந்த வேகத்தில் சட்டையைக் கழற்றிப் போட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அவருடைய இரண்டு கைகளும் நடுங்கிக்கொண்டிருந்தன. போன கோடையில் கத்திரிக்கு மருந்து அடிக்கும்போது காற்று திரும்பி முகத்தில் அடித்து, வாயில் நுரை தள்ளி, வலிப்பு வந்து விழுந்தவர். பிழைத்தார். ஆனால் அன்றிலிருந்து கை நடுக்கம் நிற்கவில்லை.

"கட்டு பாய்," என்றார்.

மெஹபூப் அலி மிஷினை இறக்காமல் நின்றார். "அன்னிக்கு உன்ன ரிக்‌ஷாவுல தூக்கிப் போட்டுக்கினு ஆஸ்பத்திரிக்கு ஓடனவன் நானு. உன் முதுகுல இத்த நான் கட்டமாட்டேன் குப்பா. வேற ஆளு இருந்தா சொல்லு."

"வேற ஆளு எங்க கீறான்? நீயே அடி."

"எனுக்கே நெஞ்சு இழுக்குது. டாக்டர் அத்த தொடாதன்ட்டாரு."

"நான் அடிக்கறேன்," என்றாள் ஜானகி.

மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள். கங்கம்மாவின் முகத்தில் கோபம்கூட இல்லை. "உனுக்கு அத்தத் தூக்கவே தெம்பு கெடையாது. நீ விழுந்தா உங்க அண்ணனுக்கு யாரு பதில் சொல்றது? போ அப்பால."

குப்பன் மிஷினைத் தானே இறக்கப் போனார். கங்கம்மா பாய்ந்து அவர் கையைப் பிடித்தாள். இருவரும் சைக்கிளைப் பிடித்து இழுத்தார்கள். சைக்கிள் சாய்ந்தது. "பயிரு போனா போவுது! நீ போய்ட்டா நான் இன்னா பண்ணுவேன்?" என்று அவள் கத்தினாள். குப்பன் வரப்பிலேயே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார்.

ஜானகிக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. வயலில் தண்ணீரைக் கட்டினால் அடியில் ஒளிந்திருக்கும் புழுக்கள் தாளின் நுனிக்கு ஏறும். கயிற்றை மண்ணெண்ணெயில் நனைத்துப் பயிரின் மேல் இழுத்தால் தண்ணீரில் விழும். மண்ணெண்ணெய்த் தண்ணீரில் பாதி சாகும். மீதியைப் பறவைகள் தின்னும். மருந்து வருவதற்கு முன்னால் எல்லோரும் செய்துவந்தது இதுதான். இதைச் சொன்னாள். சொல்லும்போதே, தன் பேச்சை இவர்கள் ஏன் கேட்கவேண்டும் என்று நினைத்தாள்.

கங்கம்மா அவளைப் பார்க்காமல் குப்பனைப் பார்த்தாள். குப்பன் தலையசைத்தார். "எங்கப்பாரு பண்ணிக்கீறாரு. ஆனா தண்ணி? மோட்டாருக்குக் கரண்டு இல்லியே."

"வாய்க்கால்ல தண்ணி ஓடறதே," என்றாள் ஜானகி.

மாட்டுக் கொட்டகையில் இறைகூடை இருந்தது. இரண்டு பேர் எதிரெதிரே நின்று, இரண்டு பக்கக் கயிறுகளையும் பிடித்து, வாய்க்காலில் முக்கி மேட்டுக்கு வீசுகிற கூடை. குப்பனின் கைகளால் கயிற்றைப் பிடிக்க முடியாது. அதனால் ஒரு பக்கம் கங்கம்மா நின்றாள். மறுபக்கம் ஜானகி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றாள். முதல் பத்து வீச்சில் தண்ணீர் பாதி அவள் மேலேயே கொட்டியது. கங்கம்மா பல்லைக் கடித்தாள். "கூடவே குனி. கூடவே நிமிரு. என்னிய பாத்துக்கினே பண்ணு." குனிந்தார்கள், நிமிர்ந்தார்கள். ஒரு மணி நேரத்தில் ஜானகியின் உள்ளங்கை கொப்பளித்தது. இன்னொரு மணி நேரத்தில் கொப்பளம் உடைந்து கயிறு சிவந்தது. கல்லூரிக்கு மணி அடித்திருக்கும் என்று ஒரு தடவை நினைத்தாள். பிறகு அந்த நினைப்பும் போயிற்று. முதுகு மட்டும்தான் இருந்தது.

மெஹபூப் அலி சைக்கிளை நிமிர்த்திக்கொண்டு போனார். போனவர் அரை மணியில் ஒரு டின் மண்ணெண்ணெயோடு திரும்பி வந்து, அதை வரப்பில் வைத்துவிட்டு மறுபடி போனார்.

மத்தியானத்துக்கு மேல் மழை பிடித்தது. அந்த மழைதான் தண்ணீரை நிறைத்தது. கீழ் மடையை அடைத்துவிட்டு இருவரும் கயிற்றின் இரு முனைகளைப் பிடித்து வயலின் குறுக்கே நடந்தார்கள். கயிறு பட்ட இடமெல்லாம் புழுக்கள் பொலபொலவென்று தண்ணீரில் உதிர்ந்தன. மழை விட்டதும் பறவைகள் இறங்கின. சோளக்குருவிகள் ஆட்களுக்கு இரண்டு கை தூரத்தில் குதித்துக் குதித்துப் பொறுக்கின. கொக்குகள் கயிற்றுக்குப் பின்னாலேயே நடந்து வந்தன. மறுநாளும் முழுக்க இழுத்தார்கள். அண்ணா வீட்டில் என்ன சொல்லப்பட்டது என்பதை ஜானகி காதில் வாங்கவில்லை. மன்னி மட்டும் அவள் உள்ளங்கையைப் பார்த்துவிட்டு, மஞ்சளும் எண்ணெயும் கொண்டுவந்து வைத்தாள்.

இரண்டாம் நாள் சாயங்காலம் கங்கம்மா வரப்பில் நின்று வயலைப் பார்த்தாள். கிழக்குப் பக்கம் ஒரு பகுதி பச்சையாக நின்றது. மற்றதெல்லாம் தாள்.

"மூணுல ஒரு பங்கு தேறும்," என்றாள் குப்பனிடம். ஜானகியிடம் அவள் முதல் நாளிலிருந்து வேலைக்கான வார்த்தை தவிர வேறு பேசவில்லை.

கயிறு இழுத்து விரட்டிய புழுக்களில் ஒரு பகுதி வரப்பைத் தாண்டிப் பக்கத்து வயலுக்குப் போயிருந்தது. அது தி. நகரில் ஜவுளிக் கடை வைத்திருக்கும் தனபாலனுடையது. அன்று மாலையே அவர் காரில் வந்து, ஆட்களை வைத்து எண்ட்ரின் அடித்தார். நாலு மிஷின், நாலு ஆள், முகத்தில் துண்டு. எல்லோரும் செய்வதைத்தான் அவரும் செய்தார். ஜானகி பஸ்ஸுக்கு நடந்துகொண்டிருந்தபோது அந்த வாசனை காற்றில் வந்தது. நின்றாள். திரும்பிப் போய் என்ன சொல்வது? புழு இருக்கட்டும் என்றா? அந்த வயல்காரரிடம் அதைச் சொல்லும் யோக்கியதை தனக்கு இல்லை என்று தோன்றிற்று. பஸ் ஏறிவிட்டாள்.

மூன்றாம் நாள் காலை அவள் வந்தபோது வயலில் சத்தமே இல்லை. சோளக்குருவிகள் தரையில் கிடந்தன. தனபாலன் வயலில் விஷம் ஏறிய புழுக்களைத் தின்றுவிட்டு, பழக்கப்பட்ட இடத்துக்கு வந்து கங்கம்மாவின் வயலிலும் வரப்பிலும் விழுந்திருந்தன. சில இன்னும் இறக்கையை அடித்துக்கொண்டிருந்தன. கொக்குகள் கழுத்தை மடித்துத் தண்ணீரில் கிடந்தன. ஆற்றங்கரைக் குடிசைகளிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் வந்து பறவைகளைக் கோணியில் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"போடுங்கோ! கீழ போடுங்கோ!" ஜானகி வரப்பில் ஓடினாள். "அதுல விஷம் இருக்கு! திங்கப்படாது!"

"இன்னாமா கூவிக்கினு கீறே?" என்றான் ஒருவன். "பட்சி தானா விழுந்து கீது. உன்னுதா?"

"வேகவெச்சாலும் விஷம் போகாது. சொன்னாக் கேளுங்கோ!"

அவள் ஒரு கோணியைப் பிடித்து இழுத்தாள். அவன் தள்ளினான். சேற்றில் விழுந்தாள். யாரோ சிரித்தார்கள். "ஐயர் வூட்டு அம்மாவுக்குக் கறின்னா ஆவாது" என்று ஒரு பெண் சொன்னாள். ஜானகி எழுந்து மறுபடி கோணியைப் பிடித்தாள். அழுகை வந்து வார்த்தை கலைந்துபோயிற்று.

அப்போது பின்னாலிருந்து கங்கம்மாவின் குரல் கேட்டது.

"டேய்! போடுறா கீய!"

அவள் மண்வெட்டியோடு வந்தாள். "நேத்து பக்கத்து வயல்ல எண்ட்ரின் அட்சான். என் புருசன் கைய நீ பாத்தது இல்ல? எண்ட்ரின் பண்ண வேலை அத்து. அவ சொல்றத கேளு."

"இவ பேச்சக் கேட்டுத்தானே உன் பயிரு போச்சி? ஊரே பேசிக்கினு கீது."

கங்கம்மா மண்வெட்டியை ஊன்றினாள். "ஆமா. ஒரு தபா தப்பா சொன்னா. சொன்னவளே வந்து தப்புன்னும் சொன்னா. இப்ப சரியாத்தான் சொல்றா. போடு."

ஒவ்வொருவராகக் கோணிகளைக் கவிழ்த்தார்கள். கடைசியில் ஒரு பெண், "வேதநாயகம் அப்பவே ஆறேழு எத்துக்கினு பூட்டானே," என்றாள்.

ஜானகியும் கங்கம்மாவும் ஓடினார்கள். ரிக்‌ஷா இழுக்கும் வேதநாயகத்தின் குடிசை ஆற்றங்கரையில் மூன்றாவது. முந்தாநாள் மழையிலிருந்து சவாரி இல்லாமல் இருந்தவர். அடுப்பில் சட்டி கொதித்துக்கொண்டிருந்தது. மூன்று பிள்ளைகள் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஜானகி உள்ளே பாய்ந்தாள். புண்ணான கையால் சட்டியைப் பிடித்து மண்ணில் கவிழ்த்தாள்.

பிள்ளைகள் ஓவென்று அலறின. கடைசிப் பெண்குழந்தை தரையில் விழுந்த துண்டை எடுத்தது. கங்கம்மா அதன் கையிலிருந்து பிடுங்கினாள்.

வேதநாயகம் எழுந்து நின்றார். அடிக்கப் போகிறார் என்றுதான் ஜானகி நினைத்தாள். அவர் அடிக்கவில்லை. "நேத்துலேர்ந்து அதுங்க ஒண்ணும் துண்ணல," என்றார். "நீ ஊத்திட்டு பூடுவே. நான் இன்னா சொல்லுவேன் அதுங்களாண்ட?"

ஜானகி கவிழ்ந்த சட்டியை நிமிர்த்தி வைத்தாள். பக்கத்தில் பார்த்தாள். கங்கம்மாவைக் காணோம். கொஞ்ச நேரத்தில் அவள் தூக்கும் கஞ்சிப் பானையுமாகத் திரும்பி வந்து, குப்பனுக்கும் தனக்கும் வைத்திருந்ததை அந்தத் தட்டுகளில் ஊற்றினாள். பிள்ளைகள் விக்கிக்கொண்டே குடித்தன.

அந்த வருஷம் தையில் கங்கம்மா அறுத்தது மூன்றில் ஒரு பங்குகூட வரவில்லை. குத்தகையை விட்டுவிட்டுச் சைதாப்பேட்டையில் கீரைக் கூடை வைத்தாள். ஜானகி தன் ஆராய்ச்சி அறிக்கையில், எந்தத் தேதியில் எந்தப் பூச்சியை எப்படித் தவறாகச் சொன்னாள், அதனால் என்ன ஆயிற்று என்பதை ஒரு பத்தியில் எழுதினாள். அந்தப் பத்தியை எடுத்துவிடும்படி பேராசிரியர் இரண்டு முறை சொன்னார். அவள் எடுக்கவில்லை. பட்டம் இரண்டு வருஷம் தள்ளிப் போயிற்று. இதெல்லாம் பின்னால் நடந்தவை.

அன்றைக்கு மத்தியானம் அவர்கள் மொட்டை வயலின் ஓரத்தில் குழி வெட்டினார்கள். கங்கம்மா மண்வெட்டியால் வெட்ட, ஜானகி மண்ணைக் கூடையில் அள்ளிப் போட்டாள். குப்பன் நடுங்கும் கைகளால் பறவைகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தார். இரண்டு கைகளாலும் பிடித்தால்தான் அவரால் ஒரு கொக்கைத் தூக்க முடிந்தது. உயிர் போகாமல் துடித்த ஒரு சோளக்குருவியை ஜானகி மடியில் வைத்திருந்தாள். வாயில் தண்ணீர் விட்டுப் பார்த்தாள். அது விழுங்கவில்லை. சற்று நேரத்தில் அதுவும் அடங்கியது.

மூன்று மணி சுமாருக்கு வேதநாயகம் வந்தார். கையில் ஒரு கோழி. கழுத்து தொங்கிக்கொண்டிருந்தது. பறவைகளைச் சுத்தம் செய்து எறிந்த குடலைக் கொத்தித் தின்ற கோழி. அதைக் குழியில் போட்டுவிட்டு நின்றார். கங்கம்மாவின் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கிக்கொண்டு குழிக்குள் இறங்கினார்.

கங்கம்மா வரப்பில் ஜானகியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவர் காலிலும் சேறு காய்ந்திருந்தது. கங்கம்மா அவள் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். தன் முந்தானை நுனியைக் கிழித்துச் சுற்றினாள். முடிச்சு போடும்போது அழுத்தமாக இழுத்தாள். ஜானகிக்கு வலித்தது.

"உன்ன மன்னிச்சிட்டேன்னு நெனச்சிக்காத," என்றாள் கங்கம்மா.

"நினைச்சுக்கலை."

"ம்," என்று சொல்லிவிட்டு அவள் குழியைப் பார்த்தாள். "வேதநாயகம், இன்னும் ஆயமா வெட்டு. இவ்ளோதான்னா ராத்திரிக்கி நாயி தோண்டிடும்."

அவர் வெட்டினார். வானம் மறுபடி இருட்டிக்கொண்டு வந்தது. மழை விழுவதற்குள் மூடிவிட வேண்டும் என்று ஜானகி எழுந்து கூடையை எடுத்தாள்.